ஜாம்னா எந்த ஜாம்? பிரிச்சுப் பாக்குறது எப்படி

சிங்கப்பூர்ல வளர்ற எங்க அக்கா மகன் லீவுக்கு செட்டிநாட்டுல இருக்கிற எங்க கானாடுகாத்தான் வீட்டுக்கு வந்திருந்தான். தமிழ் நல்லாவே பேசுவான், ஆனா அன்னைக்கு ஆயா (எங்க பாட்டி) பொழுது சாயுறதுக்குள்ள "பின்கட்டுக் கதவு ஜாம் ஆயிருச்சுப்பா", "அவுக கல்யாணத்தை ஜாம் ஜாம்னு நடத்திப்புட்டாக", "ராத்திரி ரெண்டாம் ஜாமம் வரைக்கும் பொட்டுத் தூக்கம் இல்ல"ன்னு மூணு ஜாம் சொல்லிட்டாக, பையன் நோட்டைத் தூக்கிட்டு எங்கிட்ட வந்து உக்காந்துட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் எழுதுறேன், வெளியூர்ல புள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தர்றவங்களுக்கு ஆகும்.

ஜாமைப் பாக்காதீங்க, அதை ஒட்டி வர்ற சொல்லைப் பாருங்க. அவ்வளவுதான் வழி.

"ஆயிருச்சு" வந்தா ஏதோ இறுகி நின்னுபோச்சுன்னு அர்த்தம். இது இங்கிலீஷ்ல நெருக்கி அடைக்கிறதுங்கிற சொல், நம்மகிட்ட வந்து கதவு, பூட்டு, ரோடு, பிரிண்டர் எல்லாத்துலயும் ஒட்டிக்கிச்சு. விநாயகர் சதுர்த்திக்கு பிள்ளையார்பட்டி ரோடு ஜாம். பிரிண்டர்ல பேப்பர் ஜாம்னா சுவிட்சை அணைச்சுட்டு பேப்பர் போற திசையிலயே ரெண்டு கையால மெதுவா இழுக்கணும், கிழிஞ்சா துண்டு உள்ள மாட்டிக்கும்.

கதவு விஷயம் கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகை அடைமழையில ஆசாரியைக் கூப்பிட்டு அவசரமா இழைச்சுத் தள்ளிடுறாங்க, எனக்கு மனசே ஆறாது. மரம் ஈரத்தைக் குடிச்சா அகலவாட்டுல ஊதும், நீளவாட்டுல அவ்வளவா ஊதாது, அதனாலதான் கதவு பக்கவாட்டுல போய் நிலையில இடிக்குது. பர்மா தேக்குல இது கம்மி, பின்னாடி மாத்திப் போட்ட சாதா மரக் கதவுலதான் தொந்தரவு அதிகம். மழையில இழைச்சா தை மாசம் காஞ்சதும் இடுக்கு விழுந்துரும். அதனால முதல்ல கதவு ஓரத்துல சாக்பீஸ் தேச்சு மூடித் திறங்க, நிலையில எங்க வெள்ளை ஒட்டுதோ அங்கதான் உரசுது, அந்த இடத்துல மெழுகுவத்தி தேச்சு விட்டா பெரும்பாலும் போதும். காஞ்ச பிறகும் இடிச்சா அப்ப இழைக்கலாம். பழைய பூட்டுல சாவி திரும்பலைன்னா தேங்காய் எண்ணெய் ஊத்தாதீங்க, தூசியோட சேந்து பிசினாயிரும், பென்சில் முனையைச் சுரண்டி அந்தத் தூளைப் போடுங்க.

ரெண்டு தடவை சேந்து "ஜாம் ஜாம்னு" வந்தா விமரிசை. இதுல எதுவும் அடைபடல. பந்தியும் மொய்யும் சொந்தக்காரக் கூட்டமுமா முகப்பு நெறஞ்சு நடக்குற கல்யாணத்துக்குத்தான் அந்தச் சொல்லே. "ஜம்முனு உக்காந்திருக்கான்"னா அதே சாயல்ல ஒரு ஆள் எடுப்பா இருக்கிறது.

ஜாமம் முழுக்க வேற, சாமம்னும் சொல்லுவோம், வடமொழி யாமத்துல இருந்து வந்தது. ஏழரை நாழிகை ஒரு ஜாமம், நாழிகைக்கு 24 நிமிஷம், ஆக 3 மணி நேரம், ஒரு நாளைக்கு 8. சிவராத்திரிக்கு நாலு ஜாமப் பூஜைன்னா ராத்திரி பூரா கண் முழிக்கணும்னு அதுலயே இருக்கு. ஜாமீன் அரபில இருந்து பாரசீகம் வழியா வந்தது, பொறுப்பு ஏத்துக்கிறதுன்னு பொருள். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போன குடும்பத்துப் பெரியவங்ககிட்ட யாருக்காவது ஜாமீன் நிக்கச் சொல்லிப் பாருங்க, ரெண்டு தரம் யோசிப்பாக. பாட்டுக்காரப் பசங்க "ஜாம் பண்ணலாம் வா"ன்னா எழுதி வச்சுக்காம சேந்து வாசிக்கிறது.

"தடவு", "காய்ச்சு" வந்தா மட்டும்தான் திங்கிற ஜாம். அதையும் பையனுக்குச் செஞ்சே காட்டினோம், கொய்யாவுல. நல்லா பழுத்ததும் கொஞ்சம் காய்வெட்டானதும் கலந்து எடுக்கணும், இறுகவைக்கிற பெக்டின் காய்வெட்டுலதான் அதிகம். நறுக்கி தண்ணி ஊத்தி வேகவச்சு, விதை போக சல்லடையில தேச்சு எடுத்து, ஒரு கப் விழுதுக்கு முக்கால் கப் சீனி, ஒரு கிலோ பழத்துக்கு ரெண்டு எலுமிச்சம்பழச் சாறு. புளிப்பு இல்லாம பெக்டின் சரியா பிடிக்காது, அதனால சாறை விட்டுறாதீங்க. அடிகனமான சட்டியில கிண்டிக்கிட்டே இருக்கணும், தெறிக்கும், நீளக் கரண்டி வேணும். தெர்மாமீட்டர் இருந்தா 105 டிகிரி செல்சியஸ். இல்லைன்னா ஃப்ரிட்ஜ்ல வச்ச தட்டுல ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிஷம் கழிச்சு விரலால தள்ளுங்க, மேல சுருக்கம் விழுந்தா இறக்கிரலாம். கொதிதண்ணியில போட்டுக் காயவச்ச பாட்டில்ல சூட்டோடயே ஊத்தி மூடணும்.

நாலு நாள் கழிச்சு அந்தப் பாட்டில் மூடியே ஜாம் ஆயிருச்சுன்னு பையன் தூக்கிட்டு வந்தான். விளிம்புல ஒழுகின பாகு இறுகிருச்சு. பாட்டிலைச் சாய்ச்சு மூடியை மட்டும் சுடுதண்ணியில அரை நிமிஷம் காட்டினா பாகும் இளகும், தகரம் கண்ணாடியை விட சீக்கிரம் விரியும், துணியைப் பிடிச்சுத் திருகினா வந்துரும்.