ரியூனியன் எரிமலை: உச்சியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்

ரியூனியன் தீவின் பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ் உலகில் அடிக்கடி குமுறும் எரிமலைகளில் ஒன்று. மடகாஸ்கருக்குக் கிழக்கே, பிரான்ஸின் ஆட்சியில் இருக்கிறது இந்தத் தீவு. தமிழ் வம்சாவளியினர் நிறையப் பேர் வாழும் இடமும்கூட. பார்க்கப் போகிறவர்களும் அதைப் பற்றி எழுதுகிறவர்களும் பொதுவாகச் செய்யும் முதல் தவறு, 2,632 மீட்டர் உயரத்தில் இருக்கும் உச்சி வாயையே எரிமலை என்று எண்ணிக்கொள்வது.

உண்மையில் லாவா பெரும்பாலும் பக்கச் சரிவுகளில்தான் கிளம்புகிறது. தரை நீளவாக்கில் பிளந்து, அந்தப் பிளவு வழியே பீய்ச்சியடிக்கும். எங்கே பிளக்கும் என்பதை, தரைக்கு அடியில் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பான மாக்மா எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது என்பதுதான் முடிவு செய்கிறது.

இதற்கு 2007 ஏப்ரலைவிட நல்ல சாட்சி கிடையாது. அப்போது உச்சியிலிருந்து வெகு கீழே, கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டர் அளவிலான உயரத்தில், ல திரம்ப்ளே ஊருக்கு அருகே பிளவு திறந்தது. அவ்வளவு கீழே வாய் திறந்ததால் உச்சிக்கு அடியில் தேங்கியிருந்த மாக்மா மளமளவென்று வடிந்தது. தாங்க ஆளில்லாமல் மேலே இருந்த தொலோமியு பள்ளத்தின் தரை சில நாட்களில் 300 மீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கிவிட்டது. கீழே லாவா கடற்கரை நெடுஞ்சாலையை மூடிக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. ஆழ்கடல் மீன்கள் செத்து மேலே மிதந்தன; பார்க்கவே கிடைக்காத அந்த மீன்களை ஆய்வாளர்கள் வாரிச் சேர்த்துக்கொண்டார்கள். உச்சியில் நடந்தது கீழே நடந்ததன் விளைவு. இன்று தொலோமியுவின் விளிம்பில் நின்று படம் எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை.

அடுத்த தவறு கொஞ்சம் ஆபத்தானது. உச்சியைச் சுற்றி ஆன்க்ளோ ஃபூக்கே என்ற பெரிய பள்ளம் இருக்கிறது. மூன்று பக்கம் செங்குத்துச் சுவர், கிழக்கே கடலை நோக்கித் திறப்பு. பெரும்பாலான குமுறல்கள் இதற்குள்ளேயே நடந்து, கிரான் ப்ரூலே என்ற ஆளில்லாச் சரிவில் வழிந்துவிடும். அதனால் 'சுவருக்கு வெளியே இருந்தால் கவலையில்லை' என்று பலர் நினைக்கிறார்கள். 1977 ஏப்ரலில் பிளவு சுவருக்கு வெளியே திறந்தது. பிட்டோன் சாந்த் ரோஸ் ஊர் மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது, வீடுகள் எரிந்தன. லாவா தேவாலயத்தின் வாசலைத் தொட்டு இரண்டாகப் பிரிந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. அந்தக் கோயிலுக்கு இப்போது 'லாவாக்களின் மாதா' என்றுதான் பெயர். அற்புதமா இல்லையா என்பது அவரவர் நம்பிக்கை. அரசாங்கம் எடுத்துக்கொண்ட பாடம் வேறு: அதற்கு முன்பு எரிமலையைக் கண்காணிக்க அங்கே நிலையமே இல்லை, இந்தக் குமுறலுக்குப் பிறகுதான் அமைத்தார்கள். 1986 மார்ச்சிலும் தெற்கே, சேன் ஃபிலிப் பக்கம், சுவருக்கு வெளியே லாவா வந்தது. அப்போது வீடுகள் போனதோடு கடலோரத்தில் தீவுக்குப் புதிதாக நிலமும் சேர்ந்தது.

சரி, ஆறிப்போன லாவாவுக்கு வருவோம். கறுப்பாக, கெட்டியாகத் தெரிந்தால் காலை வைத்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. வழவழப்பாக, கயிறு முறுக்கியதுபோல் இருக்கும் லாவாவின் மேல்தோல் பல இடங்களில் மெல்லிய ஓடுதான், அடியில் வெற்றிடம். மேலே இறுகிய பிறகும் உள்ளே குழம்பு ஓடிக்கொண்டிருந்து, வரத்து நின்றதும் வடிந்துபோவதால் இப்படி ஆகிறது. லாவாக் குகைகளும் இதே வழியில்தான் உருவாகின்றன. 2004-இல் ஓடிய லாவாவின் குகைகளுக்குள் வழிகாட்டிகள் தலைக்கவசமும் விளக்கும் கொடுத்துக் கூட்டிப்போகிறார்கள். தனியாக நுழைவது முட்டாள்தனம். இன்னொரு வகை, கரடுமுரடாகக் கட்டிக்கட்டியாகக் கிடப்பது. உள்ளூரில் கிரத்தோன் என்கிறார்கள். அதில் விழுந்தால் உள்ளங்கை கிழியும். வெளியே ஆறியதும் உள்ளேயும் ஆறிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 2007-இல் புதைந்த சாலைப் பகுதியில் பல மாதம் கழித்தும் மழை பெய்தால் ஆவி கிளம்பியது.

கடலில் லாவா விழும் இடத்துக்கு நெருங்கிப் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். வெளியே வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி இல்லை. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பொடிக் கண்ணாடியும் கலந்திருக்கும். புதிதாக உண்டான கரையோ உடைசல் குவியல்மேல் உட்கார்ந்திருப்பது. முன்னறிவிப்பு இல்லாமல் சரிந்துவிடும்.

குமுறல் இல்லாத நாளில் நடந்து போகிறவர்கள் வானிலையைக் கண்டுகொள்வதில்லை. பாதை தொடங்கும் பா த பெல்கோம்ப் சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் வெயில் அடித்தாலும் திடீரென்று மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாமல் போகும். பாறையில் வெள்ளைச் சாயத்தில் போட்ட அடையாளங்களை விட்டு விலகினால், எல்லாப் பக்கமும் ஒரே கறுப்பாக இருக்கும் அந்தப் பரப்பில் திரும்பி வருவது கஷ்டம். வழியில் தண்ணீரும் கிடையாது. வெப்பமண்டலத் தீவுதானே என்று கம்பளி எடுக்காமல் போகிறவர்களுக்கு நடுங்கத்தான் செய்யும்.

இந்தியாவில் அடிக்கடி காதில் விழும் தவறு ஒன்று உண்டு: தக்காணத்தின் கருங்கல்லை உமிழ்ந்தது இந்த எரிமலைதான் என்பார்கள். எரிமலை வேறு, பூமியின் ஆழத்திலிருந்து அதற்குச் சூடு கொடுக்கும் ஊற்று வேறு. இந்தியாவைத் தாங்கும் நிலத்தட்டு வடக்கே நகர்ந்தபோது, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அதே வெப்ப ஊற்று மேற்கு இந்தியாவில் தக்காண லாவாவைக் கொட்டியது என்பது பெரும்பாலான புவியியலாளர்கள் ஏற்கும் விளக்கம். அதன் தடம் லட்சத்தீவு, மாலத்தீவு, மொரீஷியஸ் வழியாக ரியூனியன் வரை வருகிறது. ஃபூர்னேஸ் மலைக்கு வயது சில லட்சம் ஆண்டுகள்தான். அதே தீவில் பக்கத்தில் ஓய்ந்து கிடக்கும் பிட்டோன் தெ நேஜ் அதற்கு மூத்தது.

நிலநடுக்கங்கள் கூடினால் ஆன்க்ளோவுக்குள் இறங்கும் வாயிற்கதவை அதிகாரிகள் பூட்டிவிடுவார்கள். அப்போது வேலி தாண்டிக் குதிப்பதை விட்டுவிட்டு, அவர்கள் அனுமதிக்கும் இடத்தில் நின்று இரவில் பாருங்கள். லாவா கீழ்ச்சரிவுக்கு வந்தால் நெடுஞ்சாலைப் பக்கமிருந்தே தெரியும்.