கேஸ் இல்லாத வயர்: மிக் பழக்கமும் ரொட் பழக்கமும் காலை வாரும் இடங்கள்

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த நாலாம் மாடி பல்கனி ஒன்றுக்குக் கிரில் வெல்டிங் செய்து ஒட்ட வேண்டும் என்று வையுங்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கும் கேஸ் சிலிண்டரை யார் தூக்கிக்கொண்டு ஏறுவது? ஏற்றினாலும், பின்னேரம் அடிக்கும் கடற்காற்று அந்தக் காபனீரொட்சைட்டை ஒட்டும் இடத்தில் நிற்க விடாது. எங்களைப் போன்ற சின்ன வேலைக்காரருக்கு ஃப்ளக்ஸ் கோர் வயர் பிடித்துப்போனது இதனால்தான். வயர் ஒரு மெல்லிய குழாய். அதற்குள் ஃப்ளக்ஸ் தூள் அடைத்திருக்கிறார்கள். அது எரிந்து வரும் வாயுவும் மேலே படியும் கசடும் உருகிய இரும்பைக் காற்று தொடாமல் பார்த்துக்கொள்கின்றன. ஒரு கையில் மெஷின், மறு கையில் வயர்ச் சுருள், ஏறிவிடலாம்.

பட்டறைக்குப் பழக வருகிற பொடியன்களில் இரண்டு ரகம் பார்த்திருக்கிறேன். ஒருவன் பஞ்சிகாவத்தைப் பக்கம் கராஜில் டிங்கரிங் வேலைக்கு மிக், அதாவது கேஸ் விட்டுத் திண்ம வயரால் ஒட்டும் முறை, பிடித்தவன். மற்றவன் கேட், கிரில் செய்யும் இடத்தில் ரொட்டில், அதாவது ஃப்ளக்ஸ் பூசிய வெல்டிங் குச்சியில், கை பழகியவன். இருவருமே முதல் சுருளைப் பாழாக்குவார்கள், ஆளுக்கொரு விதமாக. தெரிந்த வேலையின் பழக்கத்தைக் கை தானாகவே இங்கேயும் செய்துவிடுகிறது. ஒன்றுமே தெரியாமல் வருகிறவன் சிலவேளை இவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வான்.

மெஷின் கதவைத் திறந்து பாருங்கள்

நான் முதன்முதலில் இந்த வயரைப் போட்டது இரவல் வாங்கிய ஒரு மெஷினில். விசையை அழுத்தினால் தீபாவளி மத்தாப்பு மாதிரிப் பொறி பறந்தது. ஒட்டு இரும்பில் இறங்காமல் பல்லி வால் மாதிரி மேலே படுத்துக் கிடந்தது. வோல்டேஜைக் கூட்டினேன், குறைத்தேன், வயர் வேகத்தை மாற்றினேன், டோர்ச்சைத் திட்டினேன். அரைச் சுருள் போய்விட்டது. பக்கத்துப் பட்டறையிலிருந்து சத்தம் கேட்டு வந்த வயதான வெல்டிங் பாஸ் ஒருவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மெஷினின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, வயர மாத்தினீங்க, சரி. பிளஸ் மைனஸ யாரு மாத்துறது?"

கேஸோடு பாவிக்கும் திண்ம மிக் வயருக்கு டோர்ச் பிளஸ், ஒட்டும் இரும்பில் கவ்வும் எர்த் கிளாம்ப் மைனஸ். பெரும்பாலான மெஷின்கள் பெட்டியிலிருந்து வரும்போது அப்படித்தான் பூட்டியிருக்கும். கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் வயருக்கு இது தலைகீழ்: டோர்ச் மைனஸ், எர்த் பிளஸ். கதவுக்குள்ளே இரண்டு போல்ட்டில் கேபிளை இடம் மாற்றினால் போதும், அல்லது முன்பக்கம் ஒரு சின்ன கேபிளைப் பிடுங்கி மற்றத் துளையில் செருக வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். அன்று அந்த மாற்றத்துக்குப் பிறகு அதே வயர், அதே கை, ஒட்டு அமைதியாக இறங்கியது.

சுருளில் ஒட்டியிருக்கும் லேபிளையும் வாசிக்க வேண்டும், ஏனென்றால் ஃப்ளக்ஸ் வயர் எல்லாமே கேஸ் இல்லாதது அல்ல. இ71டி-1 (E71T-1) என்று இருந்தால் அதற்கு வெளியே இருந்தும் கேஸ் வேண்டும், டோர்ச் பிளஸ். இ71டி-11, இ71டி-ஜிஎஸ் என்பவைதான் கேஸ் இல்லாமல், டோர்ச் மைனஸில் ஓடுபவை. கடைகளில் ஒரு கிலோ சின்னச் சுருளாகக் கிடைப்பது அநேகமாக ஜிஎஸ். முதல் எண் 7 ஒட்டின் இழுவை வலிமையைச் சொல்கிறது, சதுர அங்குலத்துக்கு எழுபதாயிரம் இறாத்தல். அடுத்த 1, எல்லாத் திசையிலும் ஒட்டலாம் என்பதற்கு. ஜிஎஸ் வயர் ஒரே ஓட்டத்துக்கு மட்டும் செய்யப்பட்டது. கூரைத் தூணின் அடிப்பலகைக்கு அதை மூன்று அடுக்காக ஏற்றி, பார்க்க எவ்வளவு தடிப்பு என்று பெருமைப்படுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது அந்த வயரின் வேலையே இல்லை.

எந்த வயர் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1994 ஜனவரி 17இல் கலிபோர்னியாவின் நோர்த்ரிட்ஜ் நிலநடுக்கம் ஒரு சாட்சி. உருக்குச் சட்டகக் கட்டடங்கள் பலவற்றில் தூணும் உத்திரமும் சேரும் ஒட்டுகளில் வெடிப்புக் கண்டது. அங்கே பரவலாகப் பாவித்திருந்தது இ70டி-4 என்ற கேஸ் இல்லாத வயர். வலிமை இருந்தது, அதிர்ச்சி தாங்கும் குணம் குறைவு. மூட்டின் வடிவமைப்பிலும் பிழை இருந்தது, ஆனால் பிறகு வந்த விதிகள் வயரையும் விடவில்லை. நம்முடைய கேட்டுக்கு அவ்வளவு கணக்கு வேண்டாம். ஆனாலும் ஆள் ஏறி நிற்கும் படிக்கட்டு, தண்ணீர்த் தாங்கி வைக்கும் ஸ்டாண்ட் என்றால் பழகும் கையோடு ஜிஎஸ் சுருளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

மிக் கை செய்யும் பிழை

முதலாவது, வயரைத் தள்ளிவிடும் ரோலரை இறுக்குவது. திண்ம வயருக்கு அது பழகிப்போன வேலை. இது குழாய், இறுக்கினால் நசுங்கும். நசுங்கிய வயர், டோர்ச் நுனியில் அது வெளியே வரும் டிப்பில் சிக்கும், ரோலருக்குப் பக்கத்தில் குருவிக்கூடு கட்டிவிடும். பல் வெட்டிய ரோலர் போட்டு, இறுக்கத்தைக் குறைவாக வையுங்கள். டோர்ச்சை ஒரு மரப்பலகைக்குச் சரிவாகப் பிடித்து வயரை விட்டுப் பாருங்கள். பலகையில் முட்டி வளைந்து ஓடினால் சரி, உள்ளே குருவிக்கூடு கட்டினால் இறுக்கம் கூட. டிப்பும் வயரின் அளவுக்கே இருக்க வேண்டும், 0.8க்கு 0.8, 0.9க்கு 0.9.

இரண்டாவது, தள்ளுவது. மிக்கில் டோர்ச்சை முன்னே தள்ளிக்கொண்டு போனால் ஒட்டு அழகாகப் படியும். இங்கே அப்படிச் செய்தால் உருகிய கசடு இரும்புக் குளத்துக்கு முன்னால் ஓடிப்போய் நிற்கும், இரும்பு அதன் மேலே படியும், கசடு உள்ளே மாட்டிக்கொள்ளும். டோர்ச்சைப் பத்துப் பதினைந்து பாகை சாய்த்து உங்கள் பக்கமாக இழுங்கள். கசடு பின்னால் படியட்டும்.

மூன்றாவது, டிப்பைக் கிட்டக் கொண்டுபோவது. மிக்கில் பத்து மில்லிமீற்றருக்குள் வயரை நீட்டிப் பழகியவன் இங்கேயும் அப்படியே குனிகிறான். இந்த வயர் டிப்புக்கு வெளியே 12 முதல் 20 மி.மீ. வரை நீள வேண்டும், கிட்டத்தட்ட ஒரு விரல் அகலம். அந்த நீளத்தில் மின்சாரம் பாயும்போது வயர் சூடேறி, உள்ளிருக்கும் தூள் வேலை செய்யத் தயாராகிவிடுகிறது. குறைத்தால் ஒட்டில் ஓட்டை விழும், டிப் எரியும். அதிகம் நீட்டினால் அம்பியர் இறங்கி ஒட்டு குளிர்ந்துபோகும்.

கசடைத் தட்டாமல் அதன் மேலேயே மறுபடி ஒட்டுவதும் மிக் கைதான். நிறுத்தி இரண்டு நிமிடம் கழித்துத் தொடங்கினாலும் சுத்தியலால் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டே தொடங்குங்கள்.

ரொட் கை செய்யும் பிழை

ரொட்டுக்காரன் கசடை மறக்க மாட்டான். அவனுடைய கை வேறு மாதிரிக் கெடுக்கும்: இடமும் வலமும் அகலமாக ஆட்டும், இடைக்கிடை ஆர்க்கை, அதாவது நுனியில் எரியும் மின்பொறியை, உதறி இழுக்கும். 0.8 வயருக்கு அவ்வளவு ஆட்டம் தேவையில்லை. நேராக, ஒரே வேகத்தில் வாருங்கள். பொறியைப் பார்க்காமல், அதற்குப் பின்னால் உருகிக் கிடக்கும் குளத்தின் ஓரம் இரண்டு இரும்பிலும் ஏறுகிறதா என்று பாருங்கள்.

ரொட்டில் ஆர்க் நீளம் கையில் இருந்தது, இங்கே அது வோல்டேஜ் குமிழில் இருக்கிறது. வோல்டேஜ் கூடினால் ஆர்க் நீளும், காற்றிலிருக்கும் நைதரசன் உள்ளே நுழையும், ஒட்டு ஓட்டை ஓட்டையாக வரும். வயருக்குள் அலுமினியம் சேர்ப்பதே இந்த நைதரசனைக் கட்டிப்போடத்தான், அதற்கும் ஓர் அளவு உண்டு. அம்பியரைக் கூட்டுவது வயர் வேகம். காதால் பிடிக்கலாம்: காலிமுகத்திடலில் இறால் வடையை எண்ணெயில் போட்டதும் விடாமல் பொரியுமே, அந்தச் சத்தம் வர வேண்டும். படக் படக்கென்று டோர்ச் பின்னால் உதைத்தால் வயர் வேகம் கூட. நுனியில் பெரிய துளி தொங்கித் தொங்கி விழுந்தால் வோல்டேஜ் கூட.

கொழும்பின் ஈரம்

ஒட்டின் மேல் புழு ஊர்ந்த தடம் மாதிரிக் கோடு விழுந்திருக்கும், கசடைத் தட்டினால்தான் தெரியும். முதல் தடவை பார்த்தபோது மெஷின் பழுது என்று நினைத்தேன். வயர் ஈரம் குடித்திருந்தது. வோல்டேஜ் கூடினாலும் இந்தத் தடம் வரும், ஆனால் நேற்று நன்றாக ஒட்டிய அதே அளவில் இன்று வந்தால் வயரைத்தான் சந்தேகிக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, பிறகு ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. இதற்கு நடுவில் சுருளை மெஷினிலேயே பூட்டிவிட்டு இரண்டு கிழமை போய் வந்தால் வேறென்ன நடக்கும்? ரொட்டைப் பெட்டியில் குண்டு பல்ப் எரியவைத்துக் காப்பாற்றும் அதே ஆள், வயரை மட்டும் திறந்தபடி விடுவதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பொலித்தீன் பையில் கட்டி, மூடி இறுகும் பிஸ்கட் டின்னில் வையுங்கள். மேல் சுற்றில் துரு தெரிந்தால் நல்ல வயர் வரும்வரை இழுத்து வெட்டி எறியுங்கள். அதையும் பாவிக்கலாம் என்று மிச்சம் பிடித்தால் டோர்ச் கேபிளுக்குள் வயர் ஓடும் லைனருக்குள் துரு சேரும். வெயிலில் காயவைப்பதில் பலன் இல்லை. பிளாஸ்டிக் சுருளை அவணில் வைத்தால் சுருள்தான் உருகும்.

ஜி.ஐ. பொக்ஸ் பார்

இங்கே பழகுகிறவர்கள் கையில் முதலில் கிடைப்பது ஜி.ஐ. பொக்ஸ் பார், அதாவது நாகம் (சிங்க்) பூசிய சதுர இரும்புக் குழாய்தான், 1.2 மி.மீ. தடிப்பில். அது இரண்டு விதத்தில் கஷ்டம். மெல்லியது, நின்று ஒட்டினால் ஓட்டை விழும். ஒரு புள்ளி வைத்து, அது சிவப்பு மங்கியதும் அடுத்த புள்ளி, எதிர்ப்பக்கத்துக்கு மாறி மாறிப் போங்கள். மற்றது பூச்சு. இரும்பு உருக 1,538 பாகை செல்சியஸ் வேண்டும், மேலே பூசியிருக்கும் நாகம் 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதனால் ஒட்டில் ஓட்டை, காற்றில் வெள்ளைப் புகை. அந்தப் புகையைப் பகல் முழுக்க இழுத்தவனுக்கு இரவில் குளிரும் காய்ச்சலும் வரும், ஓரிரு நாளில் போய்விடும். பால் குடித்தால் வராது என்று பட்டறைக்குப் பட்டறை சொல்கிறார்கள், அதை நம்பி மூக்கைத் திறந்து வைக்காதீர்கள். ஒட்டும் இடத்தில் ஓர் அங்குலம் வரை பூச்சைக் கிரைண்டரால் எடுங்கள். கிரைண்டர் தூசுக்கும் மாஸ்க் வேண்டும்.

பூச்சில்லாத இரும்பிலும் இந்த வயர் மிக்கைவிட அதிகம் புகையும். வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017இல் சேர்த்தது. மின்விசிறியைப் பக்கவாட்டில் வைத்து, தலையைப் புகைக்கு வெளியே வையுங்கள். வெல்டிங் முகமூடியின் கறுப்புக் கண்ணாடி பத்தாம் அல்லது பதினோராம் இலக்கம். ரப்பர் செருப்போடு ஒட்டாதீர்கள், பொறி விரலிடுக்கில் விழுந்தால் டோர்ச்சை எங்கே வீசுவீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

மாடி வேலைக்கு எக்ஸ்டென்ஷன் சுருள் கொண்டுபோனால் தடித்த கேபிளாகப் பாருங்கள், 2.5 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது, முழுவதும் விரித்துவிட வேண்டும். மெல்லிய கேபிளில் வோல்டேஜ் இறங்கும், ஒட்டு குளிரும், பழி வயர்மேல் விழும். சுற்றியபடி விட்டால் கேபிளே உருகும்.

வேலைக்குப் போவதற்கு முன் 3 மி.மீ. இரும்புப் பட்டைத் துண்டு இரண்டை டி வடிவில் வைத்து ஒரு பக்கம் மட்டும் ஒட்டுங்கள். ஆறியதும் வைஸில் பிடித்து, நிற்கும் துண்டை ஒட்டிய பக்கமாகச் சுத்தியலால் அடித்து மடக்குங்கள். உடைந்தால் உடைந்த முகத்தைப் பாருங்கள். ஓட்டைகள் தெரிந்தால் ஈரம், வோல்டேஜ், வயர் நீளம் மூன்றையும் பாருங்கள். கறுப்புக் கோடு ஓடியிருந்தால் கசடு மாட்டியிருக்கிறது, எங்கோ டோர்ச்சைத் தள்ளியிருக்கிறீர்கள். பட்டையை வெட்டிய ஓரம் வெட்டியபடியே தெரிந்தால் அங்கே இரும்பு உருகவே இல்லை. வயர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி அடுத்த துண்டை எடுங்கள்.