அலுமினியம்–செம்பு கலவைக்கு இயந்திரக் கற்றல் மாதிரி: முதன்முறை செய்பவர்களுக்கு

சுமார் 4% செம்பு கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, அப்படியே விட்டுவைத்தால் நாள்போக்கில் கெட்டிப்படும். செம்பு அணுக்கள் மெல்லிய வட்டுகளாகக் கூடுவதே காரணம் என்று 1938-ல் கினியேயும் பிரெஸ்டனும் தனித்தனியே கண்டார்கள். அந்த வட்டைக் கணினியில் பார்க்க ஆயிரக்கணக்கான அணுக்கள் வேண்டும். டிஎஃப்டி (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்து ஆற்றலையும் விசையையும் கணக்கிடும் குவாண்டம் முறை) கணக்கோ சில நூறிலேயே திணறிவிடும். அதனால் சின்னச் சின்ன டிஎஃப்டி கணக்குகளைக் காட்டி, அணுக்களின் இடத்தை வைத்தே ஆற்றலையும் விசையையும் சொல்லும் ஒரு மாதிரியைப் பழக்குகிறோம்.

தேவையான மென்பொருள்கள்: டிஎஃப்டி கணக்குக்கு வாஸ்ப் (VASP), அணுக் கட்டமைப்புகளைக் கையாளப் பைத்தானில் ஏஎஸ்இ (ASE), பழக்குவதற்கு மேஸ் (MACE), அணுக்களின் நகர்வை ஓட்டுவதற்கு லாம்ப்ஸ் (LAMMPS).

படி 1: டிஎஃப்டி அமைப்பு

டிஎஃப்டியின் தோராயங்களில் பிபிஇ (PBE) போதும். கட்ஆஃபை (கணக்கில் சேரும் எலக்ட்ரான் அலைகளின் ஆற்றல் வரம்பு) ஏற்றிக்கொண்டே போய், கட்டமைப்புகளுக்கு இடையிலான ஆற்றல் வேறுபாடு அணுவுக்கு 1 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் அடங்கியதும் நிறுத்துங்கள். பிறகு கடைசிவரை அதை மாற்றாதீர்கள். 4 அணு கனசதுரத்துக்கு 12×12×12 கே-புள்ளி (எலக்ட்ரான் அலைகளைக் கணக்கிடும் வலைப்புள்ளிகள்) என்றால், இருமடங்காக்கிய 32 அணுப் பெட்டிக்கு 6×6×6.

பலர் வழுக்கும் இடம் இது: உலோகத்துக்கு ஸ்மியரிங் (எலக்ட்ரான் நிரப்பலைச் சற்றே மங்கலாக்குவது; அதன் அகலம் சிக்மா) போடுவதால் வாஸ்ப் இரண்டு ஆற்றல்களைத் தரும். விசையோடு பொருந்துவது 'ஃப்ரீ எனர்ஜி'. ஏஎஸ்இ வழக்கமாக எடுத்துத் தருவது சிக்மா பூஜ்ஜியத்துக்கு நீட்டிய மற்றொன்றை. கவனிக்காமல் விட்டால் ஆற்றலும் விசையும் ஒன்றோடொன்று முரண்படும். எவ்வளவு பழக்கினாலும் அந்தப் பிழை இறங்காது.

படி 2: பாடம் சேர்த்தல்

உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான். தூய அலுமினியம், தூய செம்பு, இடையில் பல விகிதங்கள்; ஒவ்வொன்றிலும் பெட்டியின் பக்கத்தை ±5% வரை நீட்டியும் சுருக்கியும், அணுக்களை 0.1 ஆங்ஸ்ட்ராம் அளவுக்குக் கலைத்தும் எடுங்கள். காலியிடம் (ஓர் அணு விடுபட்ட இடம்) உள்ளவை, மேற்பரப்புகள், 1500 கெல்வினில் உருகியவை, 12 அணுக்கள் கொண்ட தீட்டா (Al₂Cu படிகம்) கட்டமைப்பு, அதன் மற்றொரு வடிவமான தீட்டா பிரைம் எல்லாம் சேரட்டும். தொடக்கத்துக்கு 500 கட்டமைப்புகள் போதும். தனி அலுமினிய அணு, தனி செம்பு அணு ஆகியவற்றின் ஆற்றலையும் ஸ்பின்னோடு கணக்கிட்டு வையுங்கள், மேஸ் கேட்கும்.

ஒரே ஓட்டத்தின் (அணுக்களின் நகர்வைக் கணினியில் பின்தொடர்வது) அடுத்தடுத்த படங்கள் கிட்டத்தட்ட இரட்டையர்கள். அவற்றைக் குலுக்கிப் பழக்கத்துக்கும் சோதனைக்கும் பிரித்தால், வினாத்தாளை முன்கூட்டியே கொடுத்த கதைதான். சோதனைக்கு முழு ஓட்டத்தையே தனியாக ஒதுக்குங்கள்.

படி 3: பழக்குதல்

வெட்டு ஆரம் (ஓர் அணு தன் அண்டைகளைப் பார்க்கும் தூரம்) 6 ஆங்ஸ்ட்ராம். 5 வேண்டாம்: அலுமினியத்தின் மூன்றாம் அண்டை வட்டம் 4.96-ல் இருக்கிறது, விளிம்பிலேயே மாட்டும். மற்றவற்றுக்கு இயல்பு மதிப்புகளே போதும்.

படி 4: சோதித்தல்

சராசரிப் பிழையை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மீள்மை எண்கள் (நீட்டும்போதும் அழுத்தும்போதும் காட்டும் விறைப்பு), காலியிடம் உருவாக வேண்டிய ஆற்றல் இரண்டையும் உங்கள் டிஎஃப்டியோடு ஒப்பிடுங்கள். கடினமான கேள்வி ஒன்றும் உண்டு: பூஜ்ஜிய கெல்வினில் டிஎஃப்டி தீட்டா பிரைமைத்தான் தீட்டாவைவிடக் கீழே வைக்கும், சூடேறும்போது தீட்டாவை நிலைக்கச் செய்வது அதிர்வு என்ட்ரோப்பி. ஆற்றல் வித்தியாசம் சொற்பம் என்பதால் அரைகுறை மாதிரி வரிசையைப் புரட்டிவிடும்.

படி 5: ஓட்டம், திருத்தம்

லாம்ப்ஸில் 1 ஃபெம்டோ நொடிப் படியில் ஓட்டுங்கள். இரண்டு அணுக்கள் 1.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் ஒட்டிக்கொண்டால், அவ்வளவு நெருக்கத்தை மாதிரி பார்த்ததே இல்லை என்று பொருள். குறுந்தூர விலக்கத்துக்கு இசட்பிஎல் (ZBL) என்ற சூத்திரத்தைச் சேருங்கள். வெவ்வேறு சமவாய்ப்புத் தொடக்க எண்ணில் நான்கு மாதிரிகளைப் பழக்கி, அவற்றின் விசைகள் எங்கே முரண்படுகின்றனவோ அந்தக் கட்டமைப்புகளை டிஎஃப்டிக்கு அனுப்பி மீண்டும் பழக்குங்கள். மூன்று நான்கு சுற்று ஆகலாம்.

அறை வெப்பத்தில் வட்டு தானாக உருவாகும் என்று காத்திருக்க வேண்டாம். செம்பு காலியிடம் வழியாக நகர்ந்து சேர நாட்கணக்காகும். நம் ஓட்டம் நானோ நொடிகள்தான். லாம்ப்ஸின் மான்டி கார்லோ (சமவாய்ப்பு முயற்சி) அணு மாற்றத்தால் அலுமினியத்தையும் செம்பையும் இடம் மாற்றிப் பாருங்கள். வட்டு கூடுவது அதில்தான் தெரியும்.