பொங்கல் விருந்துக்கு டைனிங் டேபிள்: இலை போட்டது போக மிஞ்சும் எட்டு அங்குலம்

கூடத்தில் பாய் விரித்துப் பந்தி போடும் வீட்டில் இந்தச் சிக்கலே கிடையாது. விளக்கு மூலையில், கோலம் நடுவில், இலைகள் வரிசையாக என்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. முழங்கால் மடக்க முடியாத பெரியவர்களுக்காகப் பல வீடுகளில் பண்டிகைச் சாப்பாடு இப்போது டைனிங் டேபிளுக்கு ஏறிவிட்டது. ஆனால் அந்த மேசை தட்டுக்காகச் செய்தது. தட்டு பத்துப் பதினோரு அங்குல வட்டத்தில் அடங்கிவிடும். தலைவாழை இலை அடங்காது. பூ வாங்கப் போகும் முன் அளவு டேப்பை எடுங்கள்.

ஆறு பேர் உட்காரும் மேசை பெரும்பாலும் 5 அடிக்கு 3 அடி, அதாவது 60-க்கு 36 அங்குலம் இருக்கும். இலையின் ஆழம் (சாப்பிடுபவரிடமிருந்து மேசை நடுவை நோக்கி) 12 அங்குலம் என்று வையுங்கள். இலையை விளிம்போடு ஒட்டிப் போடக்கூடாது, ஓர் அங்குலம் உள்ளே தள்ள வேண்டும். விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் இலையில் முழங்கை பட்டால் ரசம் மடியில்தான். எதிரெதிரே இரண்டு இலை, இரண்டு அங்குல ஓரம் எல்லாம் கழித்தால் நடுவில் 10 அங்குலம் மிஞ்சும். இலைக்கும் பூவுக்கும் நடுவே இருபுறமும் ஓர் அங்குலம் விட்டால் 8. நீளவாக்கில் இரண்டு தலைமாட்டிலும் ஆள் உட்கார்ந்தால் 34 அங்குலம் மிஞ்சும். பக்கத்துக்கு இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 17 அங்குல இலை. ஆக, உங்கள் அலங்காரத்துக்குக் கிடைப்பது 34-க்கு 8 அங்குலத்தில் ஒரு பட்டை. அதற்குமேல் எதை வைத்தாலும் அது யாராவது ஒருவருடைய அவியலில் போய் விழும்.

இன்னொன்றையும் முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும்: யாராவது நின்று பரிமாறுவார்களா, அல்லது சட்டிகளை நடுவில் வைத்துத் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்வார்களா? இரண்டாவது என்றால் அந்த எட்டு அங்குலம் சாம்பாருக்கும் கூட்டுக்கும் சொந்தம். பூவை மேசையில் வைக்காதீர்கள். பக்கத்து அலமாரி மேலோ சன்னல் திட்டிலோ வையுங்கள். இரண்டையும் திணிக்கப் பார்த்தால் கரண்டி போகும் வழியில் செண்டுமல்லி இருக்கும். இனி வருவதெல்லாம் ஒருவர் நின்று பரிமாறும் வீட்டுக்கு.

விரிப்பு

மேசை விரிப்புக்கு ஒரு நாலு முழ வேட்டி போதும். 2 மீட்டர் நீளம், 1.27 மீட்டர் அகலம். மேலே சொன்ன மேசையில் விரித்தால் தலைமாட்டில் 24 சென்டிமீட்டரும் பக்கவாட்டில் 18 சென்டிமீட்டரும் தொங்கும். கரை இரண்டு பக்கமும் நேராக விழுவதால் தனியாக ஓரம் தைக்க வேண்டியதில்லை. பருத்தி வேட்டியாக இருக்கட்டும். பாலியஸ்டர் கலந்ததில் இலை வழுக்கும், தண்ணீரும் உறிஞ்சாது. புதுசு என்றால் முதல் நாளே ஒருமுறை அலசிக் காயவையுங்கள். ஈர இலை பட்டால் புது வேட்டியின் சிவப்புக் கரை சாயம் விடும். பட்டுவேட்டியும் ஜரிகைக் கரையும் இந்த வேலைக்கு ஆகாது.

காரணம் எண்ணெய்க் கறை அல்ல, வாழைக் கறை. நறுக்கிய நடுத்தண்டிலிருந்து வரும் பால் துணியில் படும்போது கண்ணுக்கே தெரியாது. துவைத்துக் காய்ந்த பிறகு பழுப்பாகத் தலைகாட்டும், பிறகு போகவே போகாது. அதனால் இலையைச் சாப்பாட்டு நேரத்தில் நறுக்காமல் காலையிலேயே நறுக்கி, வெட்டுவாயைத் துடைத்து, கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்துவிடுங்கள். இதைச் செய்ய நேரமில்லை என்றால் பழைய வேட்டியே மேல்.

விரிப்பே வேண்டாம், மேசை அழகாகத்தானே இருக்கிறது என்று பாலிஷ் போட்ட மரத்தின் மேல் நேராக இலை போடுபவர்கள் உண்டு. சூடான சோறும் இலையடி ஈரமும் சேர்ந்தால் பாலிஷில் வெள்ளைத் திட்டு விழும். கண்ணாடி மேசையில் திட்டு விழாது. ஈர இலை சறுக்கும். வேட்டிக்கு மேல் பிளாஸ்டிக் தாள் போட்டுவிடலாமே என்று தோன்றும். சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருட்களில் ஒன்று. தடை ஒருபுறம் இருக்கட்டும், அதன்மேல் இலை ஒட்டவும் ஒட்டாது, கொட்டிய ரசத்தை உறிஞ்சவும் செய்யாது.

இலை

ஆறு பேருக்கு எட்டு நுனி இலை வாங்குங்கள். எவ்வளவு பார்த்து எடுத்தாலும் ஒன்றிரண்டு கிழிந்திருக்கும். காற்றில் அடிபட்ட இலை நரம்போரமாக நடுத்தண்டு வரை பிளந்திருக்கும். கடையில் சுருட்டிக் கொடுக்கும்போது அது தெரியாது, விரித்துப் பார்த்தே எடுங்கள். சிறு பிள்ளைகளுக்குத் தலைவாழை வேண்டாம், நுனியில்லாத சிறு துண்டாக ஓர் ஏடு போதும். அவர்கள் கை எட்டும் தூரமே அவ்வளவுதான்.

17 அங்குலத்துக்கு மேல் இருந்தால் அகன்ற அடிப்பக்கத்தில் நறுக்குங்கள், நுனியில் கை வைக்காதீர்கள். நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் வர வேண்டும். வலப்பக்கம் அகலமாக இருந்தால்தான் சோற்றைப் பிசைய இடம் கிடைக்கும். நுனி இலையில் இன்னொரு வசதி உண்டு: இடது மேல்மூலையில் இலை குறுகுவதால் முக்கோணமாக ஓர் இடம் காலியாகக் கிடக்கும். தண்ணீர் டம்ளரை அங்கே வையுங்கள். வலக்கை சாப்பாட்டில் இருக்கும்போது இடக்கையால் எடுக்க அதுதான் தோது. நடுப்பட்டையில் இடமும் போகாது.

இலையைக் கவிழ்த்துப் பின்பக்கம் பாருங்கள். நடுத்தண்டு அடிப்பக்கத்தில் விரல் தடிமன் புடைத்திருக்கும். பாயில் போடும்போது அது பாயில் அமுங்கிக்கொள்ளும்; மேசை அமுங்காது. இலை தண்டின் மேல் துலாக்கோல் மாதிரி ஆடும், சாம்பார் ஒரு பக்கமாக ஓடும். கூரான கத்தியைப் படுக்கவைத்து, தண்டின் புடைப்பை அடியிலிருந்து பாதி நீளம் வரை மெல்லச் சீவிவிடுங்கள். ஆழமாக இறங்கினால் இலை இரண்டாகும். ஒரே தடவையில் சீவாமல் மூன்று நான்கு தடவையாகச் சீவுவது நல்லது. சீவியதும் அந்த இடத்தைத் துடைத்துவிடுங்கள், பால் அங்கேயும் வரும்.

கழுவிய இலையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்து, எல்லாரும் உட்காரப் பத்து நிமிடத்துக்கு முன் போட்டால் போதும். முன்கூட்டியே போட்டால் ஃபேன் காற்றில் ஓரம் சுருண்டு கொள்ளும். ஃபேனை ஒன்றிலோ இரண்டிலோ வையுங்கள். தை மாதத்தில் அதுவே போதும்.

நடுப்பட்டை

எட்டு அங்குல விட்டமுள்ள பித்தளை உருளி ஒன்றை நடுவில் வையுங்கள். முதல் நாள் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து வைத்தால் மறுநாள் பளபளக்கும். உருளியை மேசையில் வைத்தபின் சொம்பால் தண்ணீர் ஊற்றுங்கள், முக்கால் அளவு. நிரப்பித் தூக்கிவந்தால் பாதி வேட்டியில் இருக்கும். செண்டுமல்லி, செவ்வந்தி இரண்டும் காம்பை அரை அங்குலமாக நறுக்கிவிட்டால் நிமிர்ந்து மிதக்கும். நீளக் காம்பு பூவைச் சாய்த்துவிடும். பதினைந்து பூவுக்கு மேல் வேண்டாம். தண்ணீர் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் உருளி எதற்கு?

உயரம் முக்கியம். மேசைக்கு மேல் ஓர் அடியைத் தாண்டினால் எதிரே இருப்பவர் முகம் மறையும். அத்தையோடு பேச ஒவ்வொரு தடவையும் பூங்கொத்தைச் சுற்றி எட்டிப்பார்க்க வேண்டியிருக்கும். கண்ணாடிக் குடுவையில் நீளக் காம்பு ரோஜா வைப்பதெல்லாம் வரவேற்பறைக்குச் சரி.

உருளியின் இருபுறமும் மஞ்சள் கொத்தைப் படுக்கவையுங்கள், பக்கத்துக்கு ஒன்று. கிழங்கு உருளியை ஒட்டியும் இலை தலைமாட்டை நோக்கியும் இருக்கட்டும். உருளி போகப் பக்கத்துக்கு 13 அங்குலம்தான் என்பதால் சந்தையில் குட்டைக் கொத்தாகப் பார்த்து எடுங்கள். இலை கூடுதலாக நீண்டால் நறுக்காமல் உள்பக்கமாக மடித்துவிடுங்கள், காரணம் பிறகு. வேரில் மண் பிடித்திருக்கும். வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டுப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் விட்டுவிடும். நிழலில் காயவைத்து வாழைநாரால் கட்டுங்கள்.

மஞ்சள் கொத்து இருக்கும் மேசையில் நெய்க் கிண்ணமும் தண்ணீர் ஜக்கும் வைக்க இடமில்லை. அவற்றைப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்துப் பரிமாறுபவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

மல்லிகைச் சரத்தை மேசை ஓரமெல்லாம் விட ஆசையாக இருக்கும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியே பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து பொங்கலுக்கு விலை எகிறிவிடும். தவிர, சோற்றுக்குப் பக்கத்தில் மல்லிகை வாசனை ஒத்துவராது. பருப்பும் நெய்யும் மணக்க வேண்டிய இடம் அது. மல்லிகை தலையில் இருக்கட்டும். மேசைக்கு வாசனை அடங்கிய செவ்வந்தி போதும். உதிரிப்பூ தூவாதீர்கள், காற்றில் பறந்து இலைக்கு வரும். நசுங்கிய செண்டுமல்லி இதழ் வேட்டியில் மஞ்சளாகப் பிடிக்கும்.

வைக்கவே கூடாதவை சில. அரளி சாமிக்கு உகந்த பூவாக இருக்கலாம், ஆனால் இலை, பூ, காம்பு எல்லாமே நஞ்சு. எருக்கம்பூவும் அப்படியே. மாநில மலரான செங்காந்தளைச் சிலர் அழகுக்காகத் தேடி வாங்குகிறார்கள். அதன் கிழங்கு கடும் விஷம், மற்ற பாகங்களும் நல்லதல்ல. சாப்பிடும் மேசைக்கு இந்த மூன்றும் வேண்டாம்.

கரும்புத் துண்டும் மேசைக்கு வேண்டாம். நறுக்கிய அரைமணி நேரத்தில் பிசுபிசுக்கும், எறும்பு வரிசை கட்டும். முழுக்கரும்பை மேசைக்குப் பின்னால் சன்னல் கம்பியில் தோகையோடு கட்டுங்கள். மேலே ஒரு கட்டு, இடுப்பளவில் ஒரு கட்டு. நாற்காலியில் கட்டினால் யாராவது எழும்போது கரும்பும் எழும்.

கோலம்? கடையில் விற்கும் கோலமாவு பெரும்பாலும் கல்மாவு, வண்ணப்பொடி சாயம். இரண்டும் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. ஆசைக்கு ஒரு வழி உண்டு: பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து வழுவழுப்பாக அரைத்து, முதல் நாள் இரவே ஒரு மரப்பலகையில் இழைகோலம் போட்டு உலரவிடுங்கள். மறுநாள் உருளியை அதன்மேல் வைக்கலாம். பலகையின் அகலம் எட்டு அங்குலத்தைத் தாண்டாமல் இருக்கட்டும்.

குத்துவிளக்கையும் மேசைமேல் ஏற்றாதீர்கள். ஃபேன் காற்று, பரிமாறுபவரின் முந்தானை, எண்ணெய்! அறை மூலையில் மணைமேல் இருந்தால் எல்லாருக்கும் தெரியும்.

பரிமாறும்போதும் எழுந்த பிறகும்

பரிமாறுபவர் சாப்பிடுபவரின் இடத்தோள் பக்கமாக வரட்டும். வலக்கை ஓயாமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடியாவது வேண்டும். அது இல்லாத பக்கத்தில் சூடான ரச வாளியோடு நுழையக்கூடாது. அந்தப் பக்கத்தில் இளவட்டங்களை உட்காரவைத்தால் கிண்ணத்தைக் கைமாற்றிக் கொள்வார்கள்.

நல்ல நாளில் இலையைத் தன்னை நோக்கி மடிப்பது வழக்கம். தரையில் அதில் ஆபத்தில்லை. மேசையில் மீந்த ரசமும் பாயசமும் மடிப்போடு சேர்ந்து மடியை நோக்கி வரும். மடிக்கும் முன் இலையை இரண்டு அங்குலம் உள்ளே தள்ளச் சொல்லுங்கள். இலைகளை வாளியில் எடுத்தவுடன் வேட்டியையும் உருவிப் பச்சைத்தண்ணீரில் ஊறப்போடுங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவேண்டாம்.

உருளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடலாம். மஞ்சள் கொத்தை மட்டும் வேர் நனையும்படி ஒரு சொம்புத் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். கணுப்பிடி (உடன்பிறந்தார் நலனுக்காகப் பறவைகளுக்குச் சோற்றுருண்டை வைப்பது) வைக்கும் வீடுகளில் மறுநாள் விடியற்காலை, மாட்டுப் பொங்கலன்று, மஞ்சள் சோற்றையும் சிவப்புச் சோற்றையும் உருட்டி வைக்க அந்த முழு இலைதான் வேண்டும்.