லிங்கன், எடிசன், ஆம்ஸ்ட்ராங்: மேடையேறும் முன் திருத்திக்கொள்ள வேண்டிய தவறுகள்

பள்ளி ஆண்டுவிழா, பேச்சுப்போட்டி, தன்னம்பிக்கைக் கூட்டம், குடும்ப வாட்ஸ்அப் குழு என்று எங்கே போனாலும் அமெரிக்க வரலாற்றின் பெரிய மனிதர்கள் சிலர் தவறாமல் வந்துவிடுகிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச வேண்டியதுதான், நிறையவே பேசலாம். ஆனால் நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் கதைகளில் பல நடக்கவே இல்லை. எனக்கு இதில் பெரிய வருத்தம், பொய்க்கதை பரவுகிறது என்பது மட்டுமில்லை. அந்த மனிதர் உண்மையில் செய்த வேலை அதனால் மறைந்துபோகிறது, கூட நின்று உழைத்தவர்களின் பெயரும் அதோடு போய்விடுகிறது. தமிழில் அதிகம் புழங்கும் தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

லிங்கனின் அப்பா செருப்புத் தைத்தவரா?

லிங்கன் குடியரசுத் தலைவராகி முதல் உரை ஆற்ற வருகிறார். செனட்டர் ஒருவர் எழுந்து, "உங்கள் அப்பா எங்கள் வீட்டுக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்தவர், மறந்துவிடாதீர்கள்" என்று குத்திக் காட்டுகிறார். லிங்கன் நிதானமாக ஒரு பதில் சொல்லி எல்லாரையும் வாயடைக்க வைக்கிறார். இந்தக் கதையைக் கேட்காத தமிழ் மாணவர் இருக்க முடியாது.

லிங்கனின் தந்தை தாமஸ் லிங்கன் விவசாயி, தச்சர். கென்டக்கியில் நிலம் வைத்திருந்தார், 1816-இல் இண்டியானாவுக்கும் 1830-இல் இல்லினாய்ஸுக்கும் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தார். அவர் செய்ததாகச் சொல்லப்படும் மர அலமாரிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. செருப்புத் தைத்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. அப்புறம், 1861 மார்ச் 4 அன்று லிங்கன் பதவியேற்று உரையாற்றியது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே, திறந்தவெளிக் கூட்டத்தின் முன்னால். யாரும் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கும் சபை விவாதம் அல்ல அது. அதற்குள் ஏழு தென்மாநிலங்கள் அமெரிக்க ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டன. கொலை மிரட்டலால் பால்டிமோர் நகரை இரவோடு இரவாக ரகசியமாகக் கடந்துதான் லிங்கன் தலைநகருக்கே வந்து சேர்ந்திருந்தார். அந்த நாளின் பதற்றத்தைச் சொன்னாலே போதும், கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொன்று, மகனின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம். ஆசிரியர் தினம் வந்தால் இது இல்லாமல் விழா நடப்பதில்லை. கருத்து நல்ல கருத்துதான், மறுக்கவில்லை. ஆனால் லிங்கனின் கடிதங்களும் உரைகளும் அடங்கிய பெரிய தொகுப்பில் அது கிடையாது, அவர் கையெழுத்தில் மூலப்பிரதியும் கிடையாது. பிடித்திருந்தால் படியுங்கள், லிங்கன் பெயரில் படிக்காதீர்கள்.

அவரது 'தோல்விப் பட்டியல்' மூன்றாவது. வாழ்நாள் முழுக்கத் தோற்றுத் தோற்றுக் கடைசியில் ஒரேயடியாகக் குடியரசுத் தலைவர் ஆனார் என்று அதைப் படித்தால் தோன்றும். 1832-இல் மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் தோற்றது உண்மை, செனட் பதவி இருமுறை கைநழுவியதும் உண்மை. ஆனால் 1834-இலிருந்து தொடர்ந்து நான்கு முறை அதே சட்டமன்றத்துக்கு அவர் ஜெயித்தார், 1847 முதல் 1849 வரை நாடாளுமன்றப் பிரதிநிதிகள் அவையில் இருந்தார், இல்லினாய்ஸில் பெயர்பெற்ற வழக்கறிஞராகவும் இருந்தார். பட்டியல் போட்டவர் ஜெயித்ததையெல்லாம் வெட்டிவிட்டார்.

ஒரு கையெழுத்தில் அடிமைமுறை ஒழிந்ததா?

இதுதான் லிங்கனைப் பற்றிய தவறுகளிலேயே பெரியது. ஒன்றியத்தில் நீடித்த வடக்குக்கும் விலகிய தெற்குக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1863 ஜனவரி 1 அன்று அவர் வெளியிட்ட, அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த விடுதலைப் பிரகடனம், கிளர்ச்சி செய்த தென்மாநிலப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஒன்றியத்திலேயே நீடித்த டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகிய நான்கிலும் அடிமைமுறை சட்டப்படி தொடர்ந்தது. காரணம் எளிது. படைகளின் தலைவர் என்ற போர்க்கால அதிகாரத்தை வைத்துத்தான் அவர் அதை வெளியிட்டார். எதிர்த்துப் போரிடாத மாநிலத்தில் அந்த அதிகாரம் செல்லாது.

அதனால்தான் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. 13-ஆவது திருத்தம் 1864 ஏப்ரலில் செனட்டில் நிறைவேறியது. பிரதிநிதிகள் அவையில் முதலில் தோற்று, 1865 ஜனவரி 31 அன்று 119-க்கு 56 என்ற வாக்கில் தேறியது. அந்த வாக்குகளைத் திரட்ட லிங்கன் தானே இறங்கி வேலை பார்த்தார். போதுமான மாநிலங்களின் ஒப்புதல் கிடைத்து அது சட்டமானது 1865 டிசம்பர் 6 அன்று. லிங்கன் அந்த நாளைப் பார்க்கவில்லை. ஏப்ரல் 14 இரவு சுடப்பட்டு மறுநாள் காலையிலேயே இறந்துவிட்டார்.

இதைத் தெரிந்துகொண்ட சிலர் எதிர்ப்பக்கம் போய், "பிரகடனம் வெறும் காகிதம்" என்கிறார்கள். அதுவும் தவறுதான். வடக்குப் படை முன்னேற முன்னேற அந்தக் காகிதம் உயிர்பெற்றது. கறுப்பினத்தவர் படையில் சேரவும் அது வழிவிட்டது. போர் முடிவதற்குள் ஏறக்குறைய 1,80,000 கறுப்பினத்தவர் ஒன்றியப் படையில் சேர்ந்திருந்தார்கள். பிரகடனத்துக்கு முன்பே தங்கள் விடுதலையைத் தாங்களே தேடிப் போனவர்களும் உண்டு. 1861 மே மாதம் ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்டு மல்லரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று பேர் வர்ஜீனியாவில் ஒன்றியப் படையிடமிருந்த மன்றோ கோட்டைக்குத் தப்பி வந்தார்கள். உடைமையாளர் ஆள் அனுப்பிக் கேட்டும் தளபதி பட்லர் திருப்பி அனுப்ப மறுத்தார். செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். வாஷிங்டனில் இருந்தவர்கள் முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியை உண்டாக்கியவர்கள் இவர்கள். லிங்கனைப் பற்றிப் பேசும்போது இந்த மூன்று பெயர்களையும் சொல்லுங்கள்.

ஆல்ட்ரின் தயங்கவில்லை

நிலவில் முதலில் கால் வைத்திருக்க வேண்டியவர் ஆல்ட்ரின், அவர்தான் பைலட், ஆம்ஸ்ட்ராங் கோ-பைலட், ஒரு நொடித் தயக்கத்தால் வாய்ப்பு போனது: தமிழில் மிகவும் பரவிய கதை இது. முனைவர் பட்டம் பெற்ற ஒரு விண்வெளி வீரரை நாம் வருடக்கணக்காகக் கோழையாக்கிக்கொண்டிருக்கிறோம்.

குழப்பம் பதவிப் பெயரில் தொடங்குகிறது. ஆல்ட்ரின் 'லூனார் மாட்யூல் பைலட்' (லூனார் மாட்யூல் என்பது நிலவில் இறங்கும் கலம்), ஆம்ஸ்ட்ராங் 'கமாண்டர்'. அதாவது ஆம்ஸ்ட்ராங்தான் தலைவர், கடைசிக் கட்டத்தில் கலத்தைக் கையால் ஓட்டி இறக்கியவரும் அவரே. யார் முதலில் இறங்குவது என்பதை நாசா முன்கூட்டியே முடிவுசெய்து 1969 ஏப்ரலிலேயே அறிவித்தும்விட்டது. அப்போலோ 11 பயணத்தின் ஈகிள் என்ற அந்தக் கலம் நிலவில் இறங்கியது ஜூலை 20 அன்று.

கதவைப் பாருங்கள், விஷயம் தெளிவாகப் புரியும். ஈகிள் கலத்தின் கதவு உள்பக்கமாகத் திறக்கும். கீல் வலப்பக்கம், ஆல்ட்ரின் நிற்கும் பக்கம். கதவைத் திறந்தால் அவர் அதன் பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான், இடப்பக்கம் நிற்கும் கமாண்டருக்குத்தான் வழி. பருத்த விண்வெளி உடையும் முதுகில் பெரிய பையும் மாட்டிக்கொண்டு அந்தச் சின்ன அறையில் இருவரும் இடம் மாறிக்கொள்வது கலத்துக்கே ஆபத்து. ஆம்ஸ்ட்ராங் இறங்கிய பிறகு ஏறக்குறைய 20 நிமிடத்தில் ஆல்ட்ரினும் இறங்கினார்.

போஸ்டர் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முகக் கவசத்தில் எதிரே இருப்பவரின் பிம்பம் தெரிய, நிலவில் நேராக நிற்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தில் இருப்பவர் ஆல்ட்ரின். கேமரா பெரும்பாலும் ஆம்ஸ்ட்ராங் கையில் இருந்தது, கவசத்தில் சிறியதாகத் தெரிபவர்தான் அவர்.

எடிசனின் அம்மாவும் அந்தக் கடிதமும்

பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை அம்மா "உங்கள் மகன் மேதை" என்று மாற்றிப் படித்தார், அவர் இறந்தபின் எடிசன் உண்மைக் கடிதத்தைக் கண்டெடுத்து அழுதார் என்கிறது கதை. எடிசனே பிற்காலத்தில் சொன்னது வேறு. தன்னை மூளை குழம்பியவன் என்று ஆசிரியர் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டு, அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னார். அம்மா நான்சி நேரே பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டார், பிறகு வீட்டிலேயே வைத்துப் பாடம் நடத்தினார். பொய் சொல்லி மகனைத் தேற்றிய அம்மாவைவிட, ஆசிரியரிடம் நியாயம் கேட்கப் போன இந்த அம்மாவைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

மின்விளக்கை எடிசன் தனியாகக் கண்டுபிடித்தார் என்பதும் சரியில்லை. இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் அதே காலத்தில் கார்பன் இழை விளக்கை எரியவைத்துக் காட்டினார். இருவரும் பின்னர் அங்கே ஒரே நிறுவனமாகச் சேர்ந்தார்கள். கார்பன் இழையைத் தயாரிக்கும் முறையை மேம்படுத்தி 1882-இல் காப்புரிமை பெற்றவர் லூயிஸ் லாட்டிமர், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பெற்றோரின் மகன். பின்னாளில் எடிசன் நிறுவனத்திலேயே வேலை செய்தார். அப்படியானால் எடிசன் என்ன செய்தார்? மென்லோ பார்க் என்ற இடத்தில் இருந்த தன் ஆய்வகத்தில் ஒரு குழுவையே வைத்துக் கண்டுபிடிப்பைத் தொழிலாக நடத்தினார். மின்னாக்கி, தரையடிக் கம்பி, மீட்டர் என எல்லாவற்றையும் சேர்த்து 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் திறந்தார். பல்பைவிட இது பெரிய சாதனை என்பேன்.

சிறியவை சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மை சொன்னார் என்பது அவர் இறந்த பிறகு வீம்ஸ் என்பவர் வாழ்க்கை வரலாற்று நூலின் 1806 பதிப்பில் சேர்த்த கதை. ஹென்றி ஃபோர்டு காரைக் கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஃபோர்டின் பெருமை 1913-இல் கொண்டுவந்த நகரும் உற்பத்தி வரிசை. பென்ஜமின் பிராங்க்ளின் 100 டாலர் நோட்டில் இருக்கிறார், ஆனால் குடியரசுத் தலைவராக இருந்ததில்லை. 10 டாலர் நோட்டில் இருக்கும் ஹாமில்டனும் அப்படித்தான்.

ரோசா பார்க்ஸ் களைத்துப்போன பாட்டி அல்ல

1955 டிசம்பர் 1 அன்று அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்தபோது அவருக்கு வயது 42. கால் வலித்ததால் உட்கார்ந்திருந்தார் என்று சொல்வது அவருக்கு நாம் செய்யும் அநியாயம். கறுப்பினத்தவர் உரிமைக்கான தேசிய அமைப்பின் உள்ளூர்க் கிளைச் செயலாளராகப் பல வருடம் வேலை பார்த்தவர் அவர். அந்தக் கோடையில்தான் டென்னசியிலுள்ள ஹைலேண்டர் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தார். விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் தான் சலித்துப்போயிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

வெள்ளையருக்கு ஒதுக்கிய இடத்தில் அவர் உட்காரவும் இல்லை. முன்னால் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு, அதற்குப் பின்னால் இருந்த நடுப்பகுதியின் முதல் வரிசையில் இருந்தார். வெள்ளையர் ஒருவர் நின்றுகொண்டிருந்ததால் அந்த வரிசையின் நான்கு பேரையும் ஓட்டுநர் எழச் சொன்னார். மூவர் எழுந்தார்கள், இவர் எழவில்லை.

அதற்கு ஒன்பது மாதம் முன்பே, மார்ச் 2 அன்று, கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது மாணவி இதே காரணத்துக்காகக் கைதானார். பார்க்ஸ் கைதான இரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் பேருந்தைப் புறக்கணிக்க அழைக்கும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை விடிய விடிய ஸ்டென்சில் இயந்திரத்தில் அச்சிட்டார். பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. மார்ட்டின் லூதர் கிங்கை நாடு அறிந்தது இந்தப் போராட்டத்தில்தான், ஆனால் அதைத் தொடங்கியவர் அவர் அல்ல. பேருந்துப் பிரிவினையை உச்ச நீதிமன்றத்தில் வீழ்த்தியது பார்க்ஸின் வழக்கும் அல்ல. ஆரேலியா பிரௌடர், கோல்வின், மேரி லூயிஸ் ஸ்மித், சூசி மெக்டொனால்டு என்ற நான்கு பெண்கள் தொடுத்த வழக்கு அது. பார்க்ஸோ வேலை போய், மிரட்டல்கள் தொடர, 1957-இல் ஊரை விட்டே கிளம்பி டெட்ராய்ட்டுக்குப் போக வேண்டிவந்தது.

உரை எழுதும்போது சந்தேகம் வந்தால் மூலத்தையே பார்த்துவிடலாம். லிங்கனின் காகிதங்களையும் பார்க்ஸின் காகிதங்களையும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எடிசனின் ஆவணங்கள் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கின்றன. அப்போலோ 11 வீரர்கள் நிலவிலிருந்து பேசியதை நாசா எழுத்தில் அப்படியே வெளியிட்டிருக்கிறது. கதவு திறந்து ஆம்ஸ்ட்ராங் வெளியேறும் இடத்தை அதில் தேடிப் படியுங்கள். வழியைப் பார்த்துப் பார்த்துச் சொல்லி அவரை வெளியே அனுப்புகிறவர் ஆல்ட்ரின்தான்.