போன வருஷத்து மரத்தை நம்பாதீர்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வில் வேட்டை அக்டோபர் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். ஆகஸ்ட் வந்தாலே புதிதாக லைசென்ஸ் எடுத்த நண்பர்கள் சிலர் என்னோடு காட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். இலையுதிர்காலத்தில் வெள்ளைவால் மானுக்கு இரை எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே பார்த்து வைக்கத்தான். ஒரு காலத்தில் நான் அடித்த அதே கூத்தை அவர்களும் அடிக்கிறார்கள். உண்ணிக்கு மருந்து அடிக்காமல் வருவதையெல்லாம் விட்டுவிடுகிறேன்; ஒரு கடி வாங்கினால் புரிந்துவிடும்.

சோயா வயலைப் பார்த்து மயங்குவது

ஆகஸ்ட் சாயங்காலம் வயலோரம் பத்து மான் நிற்கும். உடனே அங்கே பரண் கட்டக் கை துறுதுறுக்கும். செப்டம்பரில் சோயா இலை பழுத்து மஞ்சளானதும் அந்த மான்கள் காட்டுக்குள் போய்விடும்.

அண்ணாந்து பார்க்காமல் நடப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. முதல் வருஷம் ஒரு வெண் ஓக் மரத்தடியில் கோலிக்குண்டைக் கொட்டியது போல் கொட்டைகள் கிடந்தன. சுற்றிலும் புழுக்கை, குளம்புத் தடம். அடுத்த வருஷம் யோசிக்காமல் அதே மரத்துக்கு எதிரே பரண் கட்டினேன். ஆபீசில் ஒரு வாரம் லீவு போட்டு, தினமும் விடியும் முன் ஏறி உட்கார்ந்தேன். அணில்கூட வரவில்லை. ஐந்தாம் நாள் இறங்கிச் சருகைக் கிளறினால் ஒரு கொட்டை இல்லை. இருநூறு மீட்டர் தள்ளி, மேட்டில் இருந்த செவ்வோக் மரங்களின் அடியில் மான்கள் தரையையே புரட்டிப் போட்டிருந்தன.

நடந்தது இதுதான். வெண் ஓக் வசந்தத்தில் பூத்து அதே வருஷம் கொட்டை உதிர்க்கும். செவ்வோக்குக்கு இரண்டு பருவம் வேண்டும். அந்த மே மாதம் பூ நேரத்தில் உறைபனி விழுந்து வெண் ஓக் பூவெல்லாம் கருகிவிட்டது. செவ்வோக்கிலோ முந்தின வருஷப் பிஞ்சு தப்பித்துக்கொண்டது. அதன் புதுப் பூவும் கருகியதால், செவ்வோக்குக்கு அடி அடுத்த வருஷம் விழுந்தது. பனியே இல்லாவிட்டாலும் ஓக் வருஷம் தவறாமல் காய்க்கிற மரம் அல்ல.

துவர்ப்பு குறைவு என்பதால் மான் முதலில் தேடுவது வெண் ஓக் கொட்டையைத்தான். சரி, மரத்தில் இருந்தால்தானே? ஆகஸ்டிலேயே பைனாகுலரில் உச்சிக் கிளைகளைப் பாருங்கள். இலையின் மடல்கள் உருண்டிருந்தால் வெண் ஓக். நுனியில் முள் போலக் கூர் நீட்டியிருந்தால் செவ்வோக். பத்து நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் ஒரு வார லீவைக் கரைத்தேன். போன ஆகஸ்டில் ஒரு நண்பர் ஒரு மணி நேரம் தரையையே பார்த்துக்கொண்டு நடந்தார். காய் இன்னும் மேலே இருக்கிறது ஐயா, கீழே என்ன தேடுகிறீர்கள்?

மண்ணைச் சோதிக்காமல் விதைப்பது

சொந்த நிலம் உள்ளவர்கள் மானுக்காகவே குளோவர், டர்னிப் போன்ற தீவனப் பயிர்களை விதைப்பார்கள். காட்டோர மண் பெரும்பாலும் அமில மண். பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறைய அமிலம் கூடும்) 6-க்குக் கீழே இருந்தால் போடும் உரத்தில் ஒரு பகுதி பயிருக்குப் போய்ச் சேராது. அமிலத்தைக் குறைக்கப் போடும் சுண்ணாம்பு வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும். ஆகஸ்டில் விதையோடு சேர்த்துத் தூவுவது அடுத்த வருஷத்துக்குத்தான் உதவும்.

மக்காச்சோளத்தைக் கொட்டி வைப்பது

இப்படி இரை போட்டு மானை இழுத்து வேட்டையாடுவது பல மாநிலங்களில் குற்றம்.

தினமும் போய் எட்டிப் பார்ப்பது

வேண்டாம், மானுக்கு மூக்கு இருக்கிறது. ஆகஸ்டில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் கொட்டை உதிர்கிறதா என்று இன்னொரு முறை. அதுவும் மழை நாளாகப் பார்த்து.