படர்தாமரை: ட்யூபைத் திருப்பிப் படித்த பிறகுதான் போனது

தொடை இடுக்கில் காசு அளவுக்கு ஒரு வட்டம். ஓரம் சிவந்து, லேசாகத் தடித்து, செதில் செதிலாக இருக்கும். நடுவில் மட்டும் தோல் பழையபடி. ராத்திரியானால் அரிப்பு தாங்காது. எனக்கு இது போக எட்டு மாதம் ஆனது. அதில் ஆறு மாதம் நானே இழுத்துவிட்டுக்கொண்டது.

முதலில் இது அதுதானா என்று பாருங்கள். அரித்துக்கொண்டே வட்டம் பெரிதானால் பெரும்பாலும் படர்தாமரை. முதுகிலும் மார்பிலும் வெளிர் திட்டாக, அவ்வளவாக அரிக்காமல் இருந்தால் தேமலாக இருக்கலாம்; அதுவும் பூஞ்சைதான், ஆனால் வேறு இனம். சந்தேகமென்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். ஓரத்தைச் சுரண்டி, அந்தச் செதிலில் பூஞ்சை இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கும் கே.ஓ.எச். சோதனை செய்வார்.

அடுத்து ட்யூப். நான் விழுந்த பள்ளம் இதுதான்.

மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஏதாவது கொடுங்கண்ணே" என்றேன். கொடுத்தார். இரண்டே நாளில் அரிப்பு நின்றது, சிவப்பு மங்கியது. பூசுவதை நிறுத்தினேன். பத்து நாளில் முன்பைவிடப் பெரிதாக வந்தது. மறுபடி அதே ட்யூப். இப்படியே எத்தனையோ ட்யூப் தீர்ந்த பிறகு ஒருநாள் அட்டையைத் திருப்பிப் படித்தேன்: குளோபெட்டசால், நியோமைசின், மைக்கோனசோல். 'சால்', 'சோல்' என்று முடிகிறதே, இரண்டும் பூஞ்சை மருந்துதான் என்று நினைத்தேன். இல்லை. மைக்கோனசோல் மட்டும்தான் பூஞ்சைக்கு. நியோமைசின் பாக்டீரியாவுக்கு. குளோபெட்டசால் ஸ்டீராய்டு, அதுவும் தோலில் பூசுவதிலேயே மிக வீரியமான ரகம். அரிப்பை அடக்கும்போதே தோலின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும். காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுத் திருடனைத் தேடுவது மாதிரி. வட்டமும் கலைந்துபோவதால் பிறகு பார்க்கிற டாக்டரே குழம்புவார். தோல் மெலிந்து வரி வரியாகக் கோடு விழும். எனக்கு விழுந்தது இன்னும் இருக்கிறது.

அதனால் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று எந்த ஸ்டீராய்டு பெயர் தென்பட்டாலும் ட்யூபைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரே மருந்து மட்டும் உள்ள கிரீம் போதும். குளோட்ரிமசோல் மலிவு, ஆனால் தினம் இரண்டு வேளை பூச வேண்டும். லூலிகோனசோல் ஒரு வேளை போதும். சோம்பேறியான என் ஓட்டு அதற்குத்தான். டெர்பினாஃபினும் நல்ல மருந்துதான், ஆனால் இந்தியாவில் இப்போது பரவும் ட்ரைகோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சை பலருக்கு அதற்கு மசிவதில்லை. பவுடர், 'மருந்து சோப்பு' எல்லாம் என்னைக் கேட்டால் காசுக்குக் கேடு.

பூசும் முறை: குளித்து, ஈரம் போகத் துடைத்து, வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை சேர்த்துப் பூசுங்கள். பூஞ்சை மும்முரமாக இருப்பது ஓரத்தில்தான். நான் நடுவில் மட்டும் தடவிக்கொண்டிருந்தேன். தோல் சரியான பிறகும் இரண்டு வாரம் விடாமல் பூச வேண்டும். அரிப்பு நின்றதும் எல்லாரும் விட்டுவிடுவது இங்கேதான்.

துண்டு, ஜட்டி எல்லாம் தனியாக, சுடுநீரில் துவைத்து வெயிலில் காயவைத்து இஸ்திரி போடுங்கள். இறுக்கமான ஜீன்ஸுக்குக் கொஞ்ச நாள் லீவு.

மூன்று வாரத்தில் குறையாவிட்டால், அல்லது முகம், தலை, நகத்தில் வந்தால், சர்க்கரை நோய் இருந்தால், கர்ப்பமாக இருந்தால், குழந்தைக்கு வந்திருந்தால் நேரே டாக்டரிடம் போங்கள். மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். சிலருக்கு ஈரலைப் பாதிக்கும், வேறு மருந்துகளோடும் மோதும்.

பின்சேர்க்கை 1: ஸ்டீராய்டு ட்யூபை நிறுத்தியதும் பயங்கரமாகச் சிவந்துவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எனக்கும் அப்படித்தான் ஆனது. பயந்து மறுபடி அதையே எடுக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

பின்சேர்க்கை 2: இடுப்பைச் சுற்றி மட்டும் போகவே மாட்டேன் என்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். விசாரித்தால், அரைஞாண் கயிறு! குளித்த பிறகும் மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். கழற்றிவிட்டார், இப்போது குறைந்து வருகிறதாம். வீட்டில் திட்டு விழுந்ததாம், அது வேறு விஷயம்.

பின்சேர்க்கை 3: என் தம்பிக்கும் இருந்ததை இப்போதுதான் சொல்கிறான். ஆறு மாதமாக ஒரே துண்டு.